மண்ணை அவித்த அலுவலகம்

கிருமி ஒழிப்புத் துறையின் தலைமை அலுவலகத்துக்குள் நுழைபவர்கள் மூன்று முறை கை கழுவ வேண்டும். வாசலில் ஒருமுறை. வாசலில் கை கழுவியதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் ஒருமுறை, ஏனென்றால் அந்தப் பேனாவை யார் யார் தொட்டார்களோ, யார் கண்டது. மாடி ஏறும்முன் இன்னொரு முறை. லிஃப்ட் இருக்கிறது. அதன் பொத்தான்களைப் பலரும் தொடுகிறார்கள் என்று புகார் வந்ததால் அவற்றைக் கழற்றி, துடைத்து, உறையில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். அன்று முதல் லிஃப்ட் மிகச் சுத்தமாக இருக்கிறது.

இந்த அலுவலகத்தின் தரைத்தளத்தில், பின்பக்க அறையில், ஆவியார் வேலை பார்த்தார். அது பெற்றோர் வைத்த பெயரில்லை. பரிசோதனைக் கூடத்துக் குடுவைகள், கத்தரிகள், துணிகள் எல்லாவற்றையும் ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தை இருபத்திரண்டு வருடமாக ஓட்டியதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஆட்டோகிளேவ் என்றதும் மிரள வேண்டாம். ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய பிரஷர் குக்கர், அவ்வளவுதான். நூற்று இருபத்தொரு டிகிரி, பதினைந்து நிமிடம். உள்ளே போனது எதுவும் உயிரோடு திரும்பாது. ஆவியார் அந்த இயந்திரத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

வேலையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வயிற்றில்தான். சாப்பிட்டால் உப்பும், சாப்பிடாவிட்டால் பிசையும். வீட்டில் மூன்று முறை போய்விட்டுக் கிளம்பினாலும், பஸ் முதல் முனை திரும்பும்போது நான்காவது முறை கூப்பிடும். பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் பெரிய சீட்டில் 'கவலைப்படக் கூடாது' என்று மட்டும் எழுதிக்கொடுத்தார். அதைச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா என்று சொல்ல மறந்துவிட்டார்.

இரண்டு வருடம் முன்பு அந்த வயிறு அவர் மானத்தை வாங்கியது. இயந்திரம் முழு அழுத்தத்தில் இருக்கும்போது கலக்கியது, ஓடிவிட்டார். திரும்பி வருவதற்குள் பாதுகாப்பு வால்வு திறந்து கட்டடமே அதிர ஊளையிட்டது. இயக்குநர் கை கழுவாமலேயே படியிறங்கி ஓடியதாகக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. மறுநாள் குறிப்பாணை வந்தது. ஆவியாருக்கு ஒரு நாளைக்கு இரண்டு 'வயிற்று அனுமதி' வழங்கப்படும். மாற்று ஆளை நிறுத்திவிட்டுப் போகலாம். அதற்கு மேல் ஒரே ஒருமுறை இயந்திரத்தை விட்டு ஓடினாலும், நிலவறையில் இருக்கும் பழைய பதிவேட்டுக் கிடங்குக்கு மாற்றப்படுவார். அந்தக் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போனவர்கள் ஓய்வு பெறும் நாளில்தான் படியேறி வந்தார்கள்.

அந்த அவமானத்தில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல், மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து வெளியே போய் உட்கார்ந்தார் ஆவியார். உடைந்த நாற்காலிகள், துருப்பிடித்த டிரம்கள், முழங்கால் உயரக் களை, நடுவில் ஒரு மரம். என்ன மரம் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த நாளும் போனார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார ஆரம்பித்தார். பிறகு கரண்டியால் மண்ணைக் கிளறினார். டப்பாவிலிருந்து சிந்திய தக்காளி விதை முளைத்தது. அது முளைத்ததும் மனுஷனுக்கு ஒரே கொண்டாட்டம். சுற்றிலும் களை எடுத்து, தண்ணீர் விட்டு, மதியம் ஒரு மணி நேரம் மண்ணும் கையுமாகக் கிடந்தார்.

மூன்று மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் வீட்டில் ஒரே ஒருமுறைதான் போனார். கதவைத் திறந்து வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து மனைவி, "என்னங்க, ஏதாவது பதவி உயர்வா?" என்று கேட்டாள். அன்று பஸ் முதல் முனை திரும்பியது, இரண்டாவது முனை திரும்பியது, வயிறு வாயே திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆவியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பரிசோதனைக் கூடத்தில் ஒரு மைக்ராஸ்கோப் மேடம் இருந்தார். ஒருநாள் ஜன்னல் வழியாக ஆவியாரைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தார்.

"வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"ஆச்சரியமா இருக்கு மேடம். மாத்திரைய நிறுத்தி ஆறு வாரம் ஆச்சு."

"இதுல ஆச்சரியம் என்ன? மரத்தடியில உக்காந்தா மனசு அடங்கும். மனசுக்கும் குடலுக்கும் நேர் லைன் இருக்கு, இது அடங்கினா அது அடங்கும். அப்புறம் மண்ணுல இருக்கிற கிருமிங்க. அதுல பெரும்பாலானது சாதுங்க. வகைவகையா அதுங்களோட பழகப் பழக உடம்பும் பதமாகும். சாப்பிடறதுக்கு முன்னாடி கைய மட்டும் கழுவிக்கோங்க. இங்க இதைச் சத்தமா சொல்லாதீங்க, நாம எந்தத் துறையில இருக்கோம்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஆவியார் சத்தமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அதுவும் வெளியாளிடம் இல்லை, மனைவியின் தம்பியிடம்.

இந்த மச்சினனை இந்த அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே ஆவியார்தான். படிப்பு ஏறாமல் வீட்டோடு கிடந்தவனுக்காகப் படியேறி இறங்கி, பல்லைக் காட்டி, கடைநிலை வேலை ஒன்றில் நுழைத்துவிட்டார். நுழைந்தவன் கிடுகிடுவென்று ஏறி இப்போது இயக்குநரின் நேர்முக உதவியாளர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுச் சாப்பாடு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டான்.

"என்ன அத்தான், ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிடறீங்க? முன்னெல்லாம் தட்டைப் பார்த்தாலே பயப்படுவீங்களே!"

ஆவியாருக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. மரத்தடி, மண், தக்காளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கொட்டிய பிறகுதான் பயம் வந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதடா. அந்த இடம் போச்சுன்னா நான் கிடங்குதான்."

"அக்கா மேல சத்தியம் அத்தான். நான் வாயத் திறப்பேனா?"

அக்கா சமையலறையிலிருந்து, "அவன் சொன்னா சொன்னதுதாங்க," என்றாள்.

பதினோராம் நாள் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: 'இயற்கையும் குடலும்: துறையின் முன்னோடித் திட்டம்'. எண்ணக்கரு: இயக்குநர். ஒருங்கிணைப்பாளர்: மச்சினன். மரத்தடி இருந்த இடம் சிவப்பு மையில் வட்டமிட்டு இணைக்கப்பட்டிருந்தது. ஆவியாருக்குக் காலடியில் பூமி நழுவியது. மாடிக்கு ஓடினார், வழியில் மூன்று முறையும் கை கழுவித்தான் ஓடினார், அது பழக்கம்.

"சத்தியம் பண்ணினியேடா பாவி!"

மச்சினனுக்கு உண்மையாகவே வருத்தமாகிவிட்டது. "அத்தான், வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னேன், திறக்கலை. எழுதித்தான் குடுத்தேன். உங்க பேரு எங்கேயும் வரலை, பாருங்க."

"என் பேரு வரலைன்னுதான் நான் அழறேனா?"

"அப்ப வேற என்ன? நீங்க ஒருத்தர் மட்டும் அனுபவிச்சதை நானூறு பேரு அனுபவிக்கப் போறாங்க. உங்களுக்குப் பெருமையா இல்லையா?"

சொந்தத் தம்பி மாதிரி வளர்த்தவன் இப்படிச் சிரித்த முகத்தோடு கழுத்தை அறுப்பான் என்று ஆவியார் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊருக்கு நல்லது நடந்தா உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்றாள்.

திட்டத்தைத் தொடங்கி வைத்து இயக்குநர் அரங்கில் உரையாற்றினார். ஜன்னல்கள் அடைத்திருந்தன.

"நண்பர்களே! மனிதன் இயற்கையை விட்டு விலகிவிட்டான். அதனால் அவன் குடல் அவனை விட்டு விலகிவிட்டது. நான் கடைசியாக ஒரு மரத்தடியில் உட்கார்ந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை. உதவியாளரைக் கோப்புகளில் தேடச் சொன்னேன். கோப்பிலும் இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் எனக்கு எந்த முன்முடிவும் கிடையாது என்று உறுதியாகச் சொல்ல முடியும். என் குடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இதுவரை எனக்கு எழுத்துமூலமாக எதையும் தெரிவித்ததில்லை. தெரிவித்தால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகளைக் கழுவ வரிசை நின்றது.

பிறகு குழு வந்தது. ஐந்து பேர், ஐந்து அளக்கும் டேப்புகள். மரத்தின் பெயரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் கூடிப் பேசி, முடிவு எட்டாததால் 'மரம் – ஒன்று' என்று பதிந்தார்கள். தக்காளிச் செடிகள் 'அடையாளம் தெரியாத நபரின் ஆக்கிரமிப்பு' என்று பதியப்பட்டன. அந்த அடையாளம் தெரியாத நபர் பக்கத்திலேயே செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மைக்ராஸ்கோப் மேடம் கண்டதை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் அவருக்கு அந்தக் கெட்ட பழக்கம் இருந்தது.

அறிக்கையைப் படித்த இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஆவியாரையும் மேடத்தையும் கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு சிட்டிகையில நூறு கோடியா? நம்ம பின்வாசல்லயா? நாம ஊரு ஊரா கிருமிய ஒழிச்சுக்கிட்டு இருக்கோம், நம்ம முதுகுக்குப் பின்னாடி நூறு கோடி குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கா?"

"சார், அது இருக்கிறதாலதான் அந்த இடம் வயித்துக்கு நல்லது," என்றார் மேடம். "அதைக் கொன்னுட்டா அப்புறம் அது வெறும் தூசிதான்."

"அம்மா, நல்லது செய்யணும்னு ஒரு கிருமிக்கு ஆசை இருந்தா முறையா விண்ணப்பிக்கட்டும், பரிசீலிக்கிறோம். சொல்லாம கொள்ளாம உடம்புக்குள்ள வந்து நல்லது செய்யறதை ஒரு பொறுப்பான துறை எப்படி அனுமதிக்க முடியும்?" ஆவியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, இருபத்திரண்டு வருஷ அனுபவம் உங்களுக்கு. கிருமி இல்லாத மண்ணு நல்லதா, கிருமி இருக்கிற மண்ணு நல்லதா?"

பக்கத்தில் நின்ற மச்சினன் கண்ணால் தரையைக் காட்டினான். நிலவறை ஜாடை அது.

"சார்… என் வயிறு…"

"வயிறு வேண்டாம். பதிலைச் சொல்லுங்க."

ஆவியார் தலையைக் குனிந்துகொண்டார். அது சம்மதமாகப் பதிவாயிற்று. மாலையே ஆணை வந்தது: 'இயற்கை, ஊழியர்களுக்கு வழங்கப்படுமுன் முறைப்படி கிருமி நீக்கம் செய்யப்பட வேண்டும்.' மேடம் மறுநாளிலிருந்து நுண்ணோக்கிக்கு உறை தைக்கும் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

ஆக, எந்த மண்ணில் காலை வைத்து ஆவியார் பிழைத்தாரோ, அதே மண் வாளி வாளியாக அவருடைய இயந்திரத்துக்கே வந்தது. முதல் வாளியில் ஒரு மண்புழு நெளிந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டாவது வாளியில் ஏழு இருந்தன. மூன்றாவது வாளியில் தக்காளிச் செடி வேரோடு கிடந்தது, பச்சைக்காய் ஒன்றும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆவியார் கதவை அடைத்துத் திருகினார். நானூற்றுப் பதினாறு வாளி. ஒன்பது வாரம். வெந்த மண்ணின் வாடை அவர் சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, வீடு வரைக்கும் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அந்த இயந்திரத்தை அவருக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மரம் இயந்திரத்துக்குள் நுழையாது என்பது அளந்து பார்த்து உறுதி செய்யப்பட்டது. ஆகவே மருந்து கலந்த தண்ணீரால் அதை உச்சி முதல் அடி வரை மூன்று முறை கழுவினார்கள். இலைகள் கொட்டிவிட்டன. கொட்டிய இலை குப்பை என்று அள்ளப்பட்டு, கிளைகளில் துவைக்கக்கூடிய இலைகள் கட்டப்பட்டன. பறவைகள் எச்சமிடுமாம், வலை போட்டார்கள். பறவைச் சத்தம் இல்லாவிட்டால் இயற்கை முழுமையாகாது என்று ஒரு வல்லுநர் சொன்னதால் ஒலிபெருக்கி வைத்தார்கள். அதில் நாளெல்லாம் ஒரே குயில், ஒரே இடத்தில் விக்கி, மறுபடி முதலிலிருந்து கூவியது.

செவ்வாய், வெள்ளி, காலை பதினொன்று பத்து முதல் பதினொன்று முப்பது வரை 'இயற்கை நேரம்'. வருகை கட்டாயம். தலையுறை, முகக்கவசம், கையுறை, காலுறை எல்லாம் அணிந்து, பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக உட்கார வேண்டும். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டில் வெந்த மண். மச்சினன் விசில் ஊதினால் மண்ணைத் தொட வேண்டும், இரண்டாவது விசிலுக்குக் கையை எடுக்க வேண்டும்.

"ஆழமா மூச்சை இழுங்க! மாஸ்க்கைக் கழட்டாதீங்க! பின்வரிசை, அங்க என்ன சிரிப்பு? மன அமைதியா இருங்கன்னு சொன்னேன்ல!"

ஒருமுறை ஒருவருடைய கையுறை கிழிந்து விரல் நுனி மண்ணில் பட்டுவிட்டது. அவரைத் தனியறையில் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள்.

முடிவில் ஒவ்வொருவரும் 'வயிற்று நிலை அறிக்கை' நிரப்ப வேண்டும். மூன்று கட்டங்கள் இருந்தன: நலம், மிக நலம், வார்த்தைகளால் சொல்ல முடியாத நிலை. நலமில்லை என்பதற்குக் கட்டம் கிடையாது, தேவைப்படாது என்று குழு கருதியது. இதற்கிடையில் அலுவலகத்தில் வயிறுகள் வரிசையாகக் கெட ஆரம்பித்தன. கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு என்று பேரெடுத்த டைப்பிஸ்ட் அம்மாவே நாலு நாள் போகாமல் முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். விசிலைக் கேட்டாலே சிலருக்குக் கலக்கியது. அப்படிப்பட்டவர்கள் எல்லோரும் மனசாட்சிப்படி மூன்றாவது கட்டத்தில்தான் டிக் அடித்தார்கள். எண்பத்தாறு சதவீத ஊழியர்கள் சொல்லில் அடங்கா நிலையை எட்டிவிட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று.

ஆவியாரின் வயிறோ பழைய கணக்கை வட்டியோடு தீர்க்க வந்ததுபோல் வந்தது. பஸ் முனை தாண்டுவது போய், வீட்டு வாசல் தாண்டுவதே பெரும்பாடாயிற்று. இரண்டு வயிற்று அனுமதியும் காலை பத்தரைக்குள் தீர்ந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி நிற்பார். இரண்டு பேரில் யார் முதலில் வெடிப்பது என்று அவருக்கும் இயந்திரத்துக்கும் போட்டி.

ஒரே ஒரு இடம் தப்பியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மதிலோரம், பத்தடிக்கு நாலடி. குழுவின் டேப் அந்த வளைவில் எட்டவில்லை, எட்டாததால் அந்த இடம் இல்லை என்று பதிவாகியிருந்தது. சட்டைப்பை மண்புழுவை அங்கேதான் விட்டிருந்தார். மதியத்தில் யாருக்கும் தெரியாமல் போய், வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கை மண்ணைப் பிசைவார். மூன்று வாரத்தில் வயிறு கொஞ்சம் இறங்கிவந்தது. இந்தப் பத்தடி இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஒருநாள் தொட்டிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான் மச்சினன்.

"அட, இங்கயா இருக்கீங்க?"

ஆவியார் எழுந்திருக்கக்கூட இல்லை. "போய் எழுதிக் குடு. போ."

"என்ன அத்தான் என்னை இவ்வளவு கேவலமா நினைச்சுட்டீங்க! உங்க சோத்தைத் தின்னு வளர்ந்தவன் நான்." பக்கத்தில் குந்தினான், விரிப்பில்லாத தரையில் உடை படாமல் பார்த்துக்கொண்டான். "நான் எதையும் பார்க்கலை. இந்த இடம் உங்களுக்கே. ஒரு சின்ன உதவி மட்டும் பண்ணுங்க. வர்ற திங்கட்கிழமை தலைமை ஆணையர் வர்றாரு. நேர்ல ஒருத்தர் குணமானதைப் பார்க்கணுமாம். நீங்க மேடையேறி ரெண்டே வார்த்தை சொல்லிடுங்க."

"பொய்யா?"

"குணமானது பொய்யா? குணமாச்சா இல்லையா? எந்த மண்ணுலன்னு அவரு கேட்கப் போறதில்லை. நீங்களா 'சுத்தப்படுத்தின மண்ணு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கோங்க, போதும். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வராம நான் பார்த்துக்கறேன்."

நம்பக்கூடாது என்று ஆவியாருக்குத் தெரியும். ஆனால் மூன்று வார நிம்மதி உள்ளே உட்கார்ந்துகொண்டு, நம்பு நம்பு என்றது. வீட்டில் ஞாயிறு சாப்பாட்டின்போது மனைவியும் சொன்னாள்: "அவன் உங்களுக்காக எவ்வளவு மெனக்கெடறான். ரெண்டு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

திங்கட்கிழமை மேடை ஏறினார். தலைமை ஆணையர், இயக்குநர், மாலைகள் (கிருமி நீக்கப்பட்டவை). மைக்கைப் பிடித்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், அந்த முதல் திங்கட்கிழமையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரே ஒருமுறை போய்விட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்த காலையைச் சொன்னார். பஸ் முனை திரும்பியதைச் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். வயிறு சரியாக இருக்கும் மனிதனுக்கு வானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று சொன்னார். அத்தனையும் சத்தியமான வார்த்தை. நடுநடுவே 'சுத்தப்படுத்தின மண்ணு' என்பதை மட்டும் செருகிக்கொண்டார். அரங்கத்தில் டைப்பிஸ்ட் அம்மா தேம்பி அழுதார். தலைமை ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடையிலிருந்து இறங்கும்போது ஆவியாருக்கு வாய் கசந்தது. ஆனாலும் பத்தடி மிஞ்சியது என்று தேற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை இயந்திரம் முழு அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது மச்சினன் தாள்களோடு அறைக்குள் வந்தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு தொழிலாளர்கள் சிமெண்ட் கலவைச் சட்டியோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவது தெரிந்தது.

"எங்கடா போறாங்க அவங்க?"

"மதிலோரத்துக்கு. அது ஒண்ணுமில்லை அத்தான். உங்க பேச்சு ஆணையருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சுத்தப்படுத்தின மண்ணே இவ்வளவு குணம் குடுக்கும்போது, வளாகத்துல சுத்தப்படுத்தாத மண்ணு ஒரு பிடிகூட எதுக்குன்னு கேட்டாரு. இருக்குதான்னு கேட்டாரு. ஆணையர் நேரா கேட்கும்போது நான் எப்படிப் பொய் சொல்றது?"

"நீதானேடா என்னைச் சொல்லச் சொன்ன!"

"சொல்லச் சொன்னேன், இல்லைங்கல. இவ்வளவு நல்லா சொல்லுவீங்கன்னு யாரு கண்டா?"

அவன் குரலில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை. மெய்யான பாராட்டுதான் இருந்தது. அதுதான் ஆவியாரை அடித்துப் போட்டது. அழ வேண்டும்போல் இருந்தது. இவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்தார். வெளியே மண்வெட்டி உரசும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து வயிறு முறுக்கிக்கொண்டு கிளம்பியது. நெற்றியில் குபுக்கென்று வியர்த்தது.

"மாத்தாளைக் கூப்பிடு. சீக்கிரம்."

"அதைத்தான் சொல்ல வந்தேன். பூரண குணமானவருக்கு வயிற்று அனுமதி எதுக்குன்னு காலையில ரத்து பண்ணிட்டாங்க. மாத்தாளையும் வேற பிரிவுக்கு அனுப்பியாச்சு." தாளை நீட்டினான். "'என் வயிறு பூரண குணமடைந்துவிட்டது, இனி எனக்கு எந்த அனுமதியும், எந்த இடமும் தேவையில்லை.' இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

ஆவியார் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு விரல்கடை கீழே நின்றது. பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

"டேய், ரெண்டே நிமிஷம். முள்ளு சிவப்பைத் தொட்டா இந்தத் திருகை இடது பக்கம் திருப்பு. உனக்குப் புண்ணியமா போகும். உங்க அக்கா முகத்துக்காகவாவது செய்டா."

"போயிட்டு வாங்க அத்தான். நான் இங்கதானே இருக்கேன்."

ஓடினார். இருபத்திரண்டு வருடம் நடந்த தாழ்வாரத்தில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினார். உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே வால்வு ஊளையிடுவது கேட்டது. மாடியில் நாற்காலிகள் நகரும் சத்தம், படிகளில் காலடிச் சத்தம்.

வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தபோது அறை முழுக்க ஆவி. திருகு தொடப்படாமல் அப்படியே இருந்தது. மச்சினன் கதவோரம் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தாளில் ஏதோ எழுதி முடித்துக்கொண்டிருந்தான்.

"திருப்பச் சொன்னேனேடா!"

"இயந்திரத்தைத் தொட எனக்கு அதிகாரம் இல்லையே அத்தான். ஆனா ஒரு இடத்துக்கும் போகலை, இங்கயேதான் நின்னேன். நீங்க போன நேரம், வந்த நேரம் எல்லாம் நிமிஷம் பிசகாம எழுதியிருக்கேன்." தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தான். "படிச்சுப் பார்த்துட்டு இதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. கிடங்குச் சாவி மேல இருக்கு, நானே கொண்டுவந்து தர்றேன்."